பத்தாவது ஒலி

மரியே வாழ்க

இராயபுரம்,
7.6.2004, திங்கள்கிழமை.

அன்புள்ள ஆலிசுக்கு,

மே 29ஆம் தேதியிட்ட உன் கடிதம் ஜூன் 3, வியாழக்கிழமை முற்பகல் பதினொன்றரை மணிக்குக் கிடைத்தது. மூன்றே வரிகள். நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தாய். கைக்கட்டு இறுக்கமாக இருக்கிறது. என் இரத்த அழுத்த மாத்திரை பச்சை டப்பாவில் இருக்கிறது. திரும்பி வருவதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

நிகழ்ந்ததை ஒழுங்காகப் பதிந்துவைப்பது இருவருக்கும் நல்லது. மே 15, சனிக்கிழமை மாலை நீ குளியலறையில் வழுக்கி விழுந்தாய். இடது மணிக்கட்டு முறிந்தது. நாற்பது நிமிடம் என்னைக் கூப்பிட்டதாகச் சொல்கிறாய். நான் முன்னறையில், பன்னிரண்டு அடி தூரத்தில், கணினியின் முன் அமர்ந்திருந்தேன். வரவில்லை. கீழ்வீட்டு மங்கைதான் மாடியேறி வந்து உன்னைத் தூக்கினாள். மே 22 அன்று நம் மகள் ஜானட் வந்து உன்னை விசாகப்பட்டினத்துக்கு அழைத்துச் சென்றாள். இவற்றில் எதையும் நான் மறுக்கவில்லை.

காரணத்தை மட்டும் இப்போது கண்டுபிடித்திருக்கிறேன். குறை கணினியில் உள்ளது. ஸ்பீக்கரிலிருந்து ஓர் ஓயாத இரைச்சல் வருகிறது. வண்டு ஒன்று தகர டப்பாவில் சிக்கிக்கொண்டதைப் போல. வயலின் இசைத்தகடு எதைப் போட்டாலும் மேல் ஸ்தாயி வருவதே இல்லை. ஆகவே ஒலியைக் கூட்டிவைக்க வேண்டியதாகிறது. கூட்டினால் இரைச்சலும் கூடுகிறது. அந்த இரைச்சலில் உன் குரல் அமுங்கிவிட்டது. கணினியோடு கூடவே வந்த மலிவான ஒலிச்சுற்றுதான் இதற்கு மூலம். நல்ல சவுண்ட் கார்டு ஒன்றைத் தேர்ந்து வாங்கிப் பொருத்திவிட்டால், ஒலியைத் தணித்து வைக்கலாம். இனி அப்படி ஒன்று நேராது.

தொலைபேசியில் பேச வேண்டாம். நம் கருவி பழையது, ஒரே கரகரப்பு. கடிதமே தெளிவு.

இப்படிக்கு,
ம. அருள்நாதன்


விசாகப்பட்டினம்
ஜூன் 13

ஜானட் அப்பாவுக்கு,

உங்க கடிதத்தை இரண்டு தடவை படிச்சேன். கை வலிக்குதான்னு ஒரு வரி எங்கேயாவது இருக்கான்னு தேடத்தான் இரண்டாவது தடவை.

வலிக்குது. கட்டுக்குள்ள அரிக்குது. ஜானட்டோட பின்னல் ஊசியை விட்டுச் சொறிஞ்சுக்கிறேன்.

கார்டு மாத்தினா நான் வந்துடுவேன்னு நினைக்கிறீங்க. இது அன்னிக்கு ஒரு நாள் கதையா? சோறு போட்டுட்டுக் குழம்பு போதுமான்னு கேட்டா பதில் இல்ல. கோயிலுக்குப் போற வழியில பேசிக்கிட்டே வந்தா, நீங்க பாட்டுக்கு நாலடி முன்னால போய்க்கிட்டிருப்பீங்க. பார்க்கிறவங்க நான் விளக்குக் கம்பத்தோட பேசறேன்னு நினைப்பாங்க. முப்பத்துமூணு வருஷம் துறைமுகச் சிக்னல் நிலையத்துல உட்கார்ந்து, கடல்ல எங்கேயோ நிக்கிற கப்பலுக்கெல்லாம் பதில் சொன்ன மனுஷன். வூட்டுல இருக்கிறவளுக்கு ஒரு 'ம்' கிடையாது.

போன வியாழக்கிழமை போன் போட்டேன். கட்டு எப்ப அவிழ்ப்பாங்கன்னு சொன்னேன். "சரி, சரி, வைக்கிறேன்"னீங்க. என்ன தேதின்னு ஒரு கேள்வி கேட்கல. தேதின்னா உயிரை விடற ஆளு!

ஈரத் தரையில கிடந்தப்ப வலிகூடப் பெரிசாத் தெரியல. பன்னிரண்டு அடின்னு நீங்களே எழுதியிருக்கீங்க. அந்தப் பன்னிரண்டு அடி வர உங்களுக்கு மனசில்லைன்னு நினைச்சேன். இன்னும் அதைத்தான் நினைக்கிறேன். அப்படிப்பட்ட வூட்டுக்கு நான் எதுக்கு வரணும்?

அலுப்பா இருக்கு. வேற எழுத ஒண்ணும் இல்ல.

ஆலிஸ்


மரியே வாழ்க

இராயபுரம்,
26.6.2004, சனிக்கிழமை.

அன்புள்ள ஆலிசுக்கு,

உன் கடிதத்தில் ஜூன் 13 என்று தேதியிட்டிருக்கிறாய். உறையின் மீதுள்ள அஞ்சல் முத்திரை ஜூன் 12. எழுதுவதற்கு முதல் நாளே ஒரு கடிதத்தை அஞ்சலில் சேர்க்க இயலாது. இனி நாட்காட்டியைப் பார்த்து எழுதவும்.

வலியைப் பற்றிக் கேட்காதது என் பிழை. இப்போது கேட்கிறேன். கட்டு எந்தத் தேதியில் அவிழ்க்கப்படும் என்பதையும் எழுது.

ஜூன் 18, வெள்ளிக்கிழமை, கார்டு வாங்க ரிச்சி தெருவுக்குப் போனேன். இராயபுரத்திலிருந்து பேருந்தில் ஒரு மணி நேரம், வெயில். அங்கே அன்பரசன் என்பவர் கடை வைத்திருக்கிறார், வியாசர்பாடிக்காரர், முப்பது வயதிருக்கும். நான் கேட்ட பதினொரு கேள்விகளுக்கும் பொறுமையாகப் பதில் சொன்னார். அவர் சொன்னதை அப்படியே தருகிறேன்:

"சார், இது உள்ள சொருகுற கார்டு. அது வெளிய வெக்கிற பொட்டி, கன்வர்ட்டர்னு சொல்லுவாங்க. கம்ப்யூட்டருக்குள்ள பாட்டு வெறும் நம்பராதான் கீது. அத்த சத்தமா மாத்தறதுதான் ரெண்டுக்கும் வேல. ஆனா உள்ள ஃபேனு, டிஸ்க்கு எல்லாம் ஒரே கூச்சல் சார், பக்கத்து வூட்டு சண்ட கணக்கா. கார்டு அந்த சண்டைக்கு நடுவுல குந்திகினு பாடணும். வெளிப்பொட்டின்னா தெருமுனைல தனியா நின்னு பாடும்."

"அப்படியானால் வெளிப்பெட்டிதானே சிறந்தது?"

"சிறந்ததுதான். விலையும் சிறந்தது. மொதல்ல கார்டப் போட்டுப் பாரு சார். ஒத்துவர்லன்னா ஒரு வாரத்துல கொண்டாந்து குடு, நான் இன்னா ஓடியா பூடுவேன்?"

கார்டோடு ஒரு சோதனைத் தகடும் கொடுத்தார். அதில் பதினைந்து ஒலிகள் உள்ளன. அடித்தொண்டை முனகலில் தொடங்கி, ஒன்றுக்கொன்று உயர்ந்து, கொசுவின் ரீங்காரம் வரை போகுமாம். ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒருவர் எண்ணைச் சொல்கிறார். வீட்டில் பொருத்தி, ஏழு நாளும் காலை பத்து மணிக்குச் சோதித்து அட்டவணையிட்டேன். ஒன்று முதல் எட்டு வரை தெளிவு. ஒன்பது மங்கல். பத்து முதல் பதினைந்து வரை எதுவும் இல்லை. எண்ணைச் சொல்கிறார், பிறகு வெறுமை. கணினியோடு வந்த பழைய ஒலிச்சுற்றிலும் இதே முடிவுதான். இரைச்சலும் அப்படியே இருந்தது. நேற்று, வெள்ளிக்கிழமை, கார்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அட்டவணையின் படியை இணைத்துள்ளேன்.

நான் வராமலிருந்தது மனமில்லாமல் அல்ல. அதை நிறுவத்தான் இவ்வளவு அலைகிறேன். வெளிப்பெட்டியில் முடிவு கிடைத்துவிடும்.

இப்படிக்கு,
ம. அருள்நாதன்


விசாகப்பட்டினம்
ஜூலை 4, ஞாயிறு (நாட்காட்டி பார்த்துட்டேன்)

ஜானட் அப்பாவுக்கு,

ஜூன் 29, இராயப்பர் திருநாளன்னிக்குக் கட்டை அவிழ்த்தாங்க. கை குச்சி மாதிரி இருக்கு. தோள் உயரத்துக்குக்கூடத் தூக்க வரல. தினமும் பந்து பிடிச்சு அமுக்கச் சொல்லியிருக்காங்க. நேத்து ஒரு தம்ளரைத் தூக்கினேன், பாதித் தண்ணி புடவையில.

உங்க அட்டவணையைப் பார்த்து ஜானட் சிரிச்சா. "அப்பா ரிட்டயர் ஆகவே இல்லம்மா"ன்னா. எனக்குச் சிரிப்பு வரல.

முந்தாநாள் மங்கைக்குப் போன் போட்டு, அன்னிக்கு என்ன நடந்துச்சுன்னு ஒழுங்காச் சொல்லுடின்னேன். அவ சொன்னதை நானும் அப்படியே எழுதறேன், உங்க மாதிரி.

"யக்கா, நான் வரசொல்லோ பொட்டி அணைஞ்சு கெடந்துச்சு. பாட்டும் இல்ல ஒண்ணும் இல்ல. ஃபேனுகூட ஓடல. பெரியவரு கைய மடில வெச்சுகினு சும்மா குந்திகினு இருந்தாரு. நீ கூவுறது எனுக்குக் கீழ கேக்குது, தெருல மீன் விக்கிற பொம்பள நின்னு பாக்குறா, இவரு குந்தினே கீறாரு. இன்னாடா இதுன்னு எனக்கே பேஜாராப் பூட்ச்சு. உன் மனசு நோவுமேன்னுதான் சொல்லல."

எந்த இரைச்சல்? எந்த ஸ்பீக்கர்? பெட்டியே அணைஞ்சு கிடந்திருக்கு. எனக்குச் சண்டை போடக்கூடத் தெம்பில்ல. பொய் மட்டும் எழுதாதீங்க. முப்பத்தெட்டு வருஷத்துல அது ஒண்ணுதான் நமக்குள்ள இல்லாம இருந்துச்சு.

இனி கார்டு, பெட்டின்னு ஒரு வரியும் வேணாம்.

ஆலிஸ்


மரியே வாழ்க

இராயபுரம்,
13.7.2004, செவ்வாய்க்கிழமை.

அன்புள்ள ஆலிசுக்கு,

உன் ஜூலை 4 கடிதம் 8ஆம் தேதி வந்தது. ஐந்து நாள் கழித்துப் பதில் எழுதுகிறேன். கோபத்தில் எழுதக் கூடாது என்பதற்காக.

நான் பொய் எழுதுவதில்லை. மங்கை நல்லவள், ஆனால் பதற்றத்தில் பார்த்தவள். அன்று அந்த இரைச்சல் இருந்தது. என் இரு காதாலும் கேட்டேன்.

எழுத வேண்டாம் என்றாய். ஆயினும் முடிவைத் தெரிவிக்காமல் விட முடியாது. ஜூலை 9, வெள்ளிக்கிழமை வெளிப்பெட்டியை வாங்கினேன். சோப்பு டப்பா அளவு, ஒரே ஒரு வயர். அன்பரசனின் கடையிலேயே, அவருடைய விலையுயர்ந்த ஸ்பீக்கரில் சோதித்தோம். ஒன்பது வரை வந்தது. பத்தாவது வரவில்லை. ஒலியை முழுதாகக் கூட்டச் சொன்னேன். பதினொன்று, பன்னிரண்டு, எதுவும் இல்லை. ஆனால் எதிர்க்கடைக்காரர் ஓடிவந்து, "யோவ் அன்பு, காது கிழியுது, கொற!" என்று சத்தமிட்டார். வாடிக்கையாளர் ஒருவர் இரு காதையும் பொத்திக்கொண்டார். ரிச்சி தெருவில் எல்லாமே மிகைதான். அன்பரசன் மட்டும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "ஒரு டீ சாப்டு சார்" என்றார். எதற்காக என்று தெரியவில்லை.

வீட்டில் வெளிப்பெட்டியைப் பொருத்திய பிறகும் இரைச்சல் நீங்கவில்லை. வயரைப் பிடுங்கிய பின்னும் நெடுநேரம் நீடிக்கிறது. ஸ்பீக்கருக்குள் எஞ்சிய மின்சாரமாக இருக்கும்.

சோதனைத் தகட்டின் நகல் ஒன்றை அனுப்பியுள்ளேன். ஜானட் வீட்டுக் கணினியில் போட்டுப் பார்க்கச் சொல். அங்கும் பத்தாவது ஒலி வராவிட்டால், தகடே குறையுள்ளது என்று முடிவு செய்யலாம்.

மே 15ஐப் பொறுத்தவரை சச்சரவே தேவையில்லை. என் நாட்குறிப்பு இருக்கிறது. இக்கடிதத்தை அஞ்சலில் சேர்த்துவிட்டு வந்ததும், அந்நாளின் பக்கத்தை மணிவாரியாகப் படியெடுத்து அடுத்த கடிதத்தில் அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
ம. அருள்நாதன்


விசாகப்பட்டினம்
ஆகஸ்ட் 15, மாதா திருநாள்

ஜானட் அப்பாவுக்கு,

ஒரு மாசமா உங்க கிட்டேயிருந்து கடிதம் இல்ல. நாட்குறிப்பைப் படியெடுத்து அனுப்பறேன்னீங்க. அதுவும் வரல. தேதி தவறாத ஆள் தவறினா எனக்குப் பயமா இருக்கு. மங்கையைக் கேட்டேன். "வூட்லதான் கீறாரு, நல்லாத்தான் கீறாரு, இன்னாமோ யோசனைலயே கீறாரு"ன்னா.

நீங்க அனுப்பின தட்டு மேசையில ரொம்ப நாள் கிடந்துச்சு. போன சனிக்கிழமைதான் ஜானட் போட்டா. நான் சமையல்கட்டுல வெங்காயம் உரிச்சுக்கிட்டிருந்தேன். ஒண்ணு, ரெண்டுன்னு யாரோ சொல்றான், அப்புறம் 'ஊ'ன்னு ஒரு சத்தம். பத்து வந்துச்சு. நல்லா, சத்தமா, விசில் மாதிரி. பதினொண்ணு வந்துச்சு. பன்னிரண்டு வந்துச்சு. அறுபத்தஞ்சு வயசுல, அடுத்த அறையிலேருந்து, பதிமூணு வரைக்கும் எனக்குக் கேட்டுச்சு. ஜானட்டுக்குப் பதினஞ்சும் கேட்டுச்சு. அவ உங்க அட்டவணையை எடுத்து வச்சுக்கிட்டு ஒவ்வொண்ணாப் பார்த்தா. இந்தத் தடவை சிரிக்கல. "அம்மா, கார்டுல ஒண்ணும் இல்லம்மா"ன்னா.

நான் கத்தியைக் கீழ வச்சுட்டு அப்படியே உட்கார்ந்துட்டேன்.

குழம்பு போதுமான்னு கேட்டது. கோயிலுக்குப் போற வழி. போன்ல "சரி, சரி". தொண்ணூத்தொம்பது கிறிஸ்துமஸ்ல ஆர்மோனியம் சுருதி சேரலைன்னு வாத்தியாரோட சண்டை போட்டுக்கிட்டுப் பாடகர் குழுவை விட்டு வந்தீங்களே, அது. ஒவ்வொண்ணா வந்து நின்னுச்சு.

எத்தனை நாளா இப்படி? உங்களுக்கே தெரியாதா, இல்ல தெரிஞ்சும் சொல்லலியா? எது உண்மைன்னாலும் எழுதுங்க. நாலஞ்சு வருஷமா உங்க மேல கோபப்பட்டிருக்கேன். அத்தனையும் வீண். அதை யார் கிட்ட போய்த் திருப்பி வாங்கறது?

கை தோள் வரைக்கும் வருது.

ஆலிஸ்


மரியே வாழ்க

இராயபுரம்,
25.8.2004, புதன்கிழமை.

அன்புள்ள ஆலிசுக்கு,

உன் கடிதம் 20ஆம் தேதி வந்தது. நான் ஜூலை 14, 17, 22, ஆகஸ்ட் 3 ஆகிய நாட்களில் உனக்கு எழுத உட்கார்ந்தேன். நான்கு தாள்களிலும் தேதியும் உன் பெயரும் மட்டும் உள்ளன.

நாட்குறிப்பில் மே 15 பக்கம் இது:

"மாலை 4.05, மின்சாரம் நின்றது. வெப்பம் மிகுதி. 4.20, ஆலிஸ் குளிக்கச் சென்றாள். 5.10, மங்கை வந்தாள். 5.25, மின்சாரம் வந்தது."

என் கையெழுத்துதான். மங்கை சொன்னது சரி. கணினி ஓடவில்லை, விசிறி ஓடவில்லை. வீடு அமைதியாக இருந்தது. 4.20க்கும் 5.10க்கும் இடையே நான் ஒன்றும் எழுதவில்லை. கேட்டிருந்தால் எழுதியிருப்பேன்.

அந்தப் பக்கத்தைப் படித்ததும் எழுந்துபோய் மின்சாரத்தின் முதன்மைச் சுவிட்சை அணைத்தேன். முன்னறையில் வந்து உட்கார்ந்தேன். வண்டு தகர டப்பாவிலேயே இருந்தது. அது ஸ்பீக்கரில் இல்லை, ஆலிஸ்.

ஆகஸ்ட் 2, திங்கள்கிழமை மருத்துவமனைக்குப் போனேன். ஒரு கண்ணாடி அறையில் உட்காரவைத்து, ஒலி கேட்கும்போதெல்லாம் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். பிறகு மருத்துவர் ஒரு கோட்டுப்படம் காட்டினார். என் அட்டவணை முடிந்த இடத்தில் அந்தக் கோடு மாடிப்படியிலிருந்து விழுந்ததைப் போலக் கீழே விழுகிறது. காது நரம்பு தளர்ந்துவிட்டதாம், போன செவித்திறன் திரும்ப வராது. பெண்கள், குழந்தைகளின் குரல்தான் முதலில் நழுவும் என்றார். என் அட்டவணையைக் காட்டினேன். நேர்த்தியாக உள்ளது என்று சொல்லி ஒரு படி எடுத்துக்கொண்டார்.

தெரியுமா தெரியாதா என்று கேட்கிறாய். எனக்கே தெளிவாகச் சொல்ல வரவில்லை. ஒவ்வொன்றாகத் தெரிந்தது, சேர்த்துப் பார்க்க விரும்பவில்லை. ஆர்மோனியத்தின் சுருதி சரியாகவே இருந்திருக்கும். வாத்தியாரிடம் ஆகஸ்ட் 8, ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் மன்னிப்புக் கேட்டேன். "விடுங்க அருள், அதெல்லாம் எப்பவோ" என்றார். அவருடைய உதட்டைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

ஒரு வேலை செய்திருக்கிறேன். துறைமுகத்தில் நாங்கள் குரலை நம்பியதில்லை, காற்று தின்றுவிடும். பகலில் கொடி, இருட்டில் விளக்கு. குளியலறையில் இரண்டு பொத்தான்கள் வைத்து, என் கணினிக்கு மேலே ஒரு சிவப்பு விளக்குக்குக் கம்பி இழுத்திருக்கிறேன். ஒரு பொத்தான் கை எட்டும் உயரத்தில். இன்னொன்று தரையிலிருந்து ஒன்பது அங்குலத்தில், விழுந்தவர் கைக்கு எட்டும்படி. விளக்கு பேட்டரியில் எரிகிறது. அன்று மின்சாரம் இல்லை அல்லவா.

மங்கை தினமும் நாலரை மணிக்கு மாடிக்கு வந்து, நான் எதிர்பாராத நேரத்தில் பொத்தானை அழுத்தவேண்டும் என்று ஏற்பாடு. "நாலரைக்கு வர்றேன்னு தெரிஞ்சா அப்பால இன்னா எதிர்பாராத நேரம்? உங்க வூட்டு பாத்ரூம்ல சுச்சு போடறதுக்கு எனுக்கு பென்சன் வாங்கிக் குடு பெரியவரே!" என்று என் முகத்துக்கு நேரே நின்று சொல்கிறாள். அது நியாயம் என்பதால் அவள் விருப்பப்பட்ட நேரத்துக்கு மாற்றினேன். பதினொரு நாளில் பதினொரு முறையும் விளக்கைப் பார்த்துவிட்டேன். ஒருமுறை தூங்கிவிட்டேன், ஆயினும் வெளிச்சத்தில் விழித்தேன்.

காதுக் கருவியில் மூன்று வகைகள் இருக்கின்றன. ஒப்பிட்டு வருகிறேன். வெளிப்பெட்டியை அன்பரசனிடம் திருப்பிக் கொடுக்க எடுத்து வைத்துவிட்டேன். அதன் மேல் குற்றம் இல்லை.

வா என்று எழுத எனக்கு வாயில்லை. நீ நாற்பது நிமிடம் கூப்பிட்டாய். விளக்கு எரிகிறது என்பதை மட்டும் தெரிவிக்கிறேன்.

அருள்நாதன்


விசாகப்பட்டினம்
ஆகஸ்ட் 31, செவ்வாய்

ஜானட் அப்பாவுக்கு,

ஒன்பது அங்குலம் சரிவராது. நான் மல்லாந்து கிடந்தேன், வலது கை பக்கெட்டுக்கும் சுவருக்கும் நடுவுல மாட்டியிருந்துச்சு. ஆறு அங்குலத்துல, கதவுப் பக்கச் சுவர்ல வைங்க. சமையல்கட்டுலயும் ஒண்ணு போடுங்க. விழறதுக்கு இல்ல. சோறு ஆறுதுன்னு சொல்ல.

வெளிப்பெட்டியைத் திருப்பிக் கொடுக்காதீங்க. அந்த அன்பரசன் உங்களுக்கு டீ வாங்கிக் கொடுத்த புண்ணியவான். எனக்குக் காது நல்லாத்தான் இருக்கு. நல்ல ஸ்பீக்கராப் பார்த்து வாங்கி வைங்க, ஆனா என்னைக் கூட்டிக்கிட்டுப் போய்த்தான் தேர்ந்தெடுக்கணும். ஒன்பதுக்கு மேல வயலின்ல என்ன வருதுன்னு நான் சொல்றேன். பதிமூணுக்கு மேல ரெண்டு பேருக்குமே தெரியப்போறதில்ல, போகட்டும்.

கோபம் மொத்தமாப் போயிடுச்சுன்னு நினைக்காதீங்க. பழக்கமாயிடுச்சு, மெதுவாத்தான் போகும். நீங்களும் கருவியை ஒப்பிடறேன்னு அடுத்த வருஷம் வரைக்கும் இழுக்காதீங்க.

செப்டம்பர் 5, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வண்டி சென்ட்ரல் வருது. எந்த வண்டின்னு ஜானட் அடியில எழுதியிருக்கா. வழக்கம்போல அதுக்கு முன்னால பேசின் பிரிட்ஜ்ல நிறுத்திப் போடுவான். பிளாட்பாரத்துல நின்னு கடிகாரத்தைப் பார்த்துக்கிட்டுப் பதறாதீங்க. எட்டாம் தேதி மாதா பிறந்தநாளுக்குக் கோயிலுக்குப் போகணும், ரெண்டு பேரும். என் பக்கத்துல நடங்க, முன்னால போகாதீங்க.

நான் இறங்கினதும் உங்களைக் கூப்பிட மாட்டேன். அந்தக் கூட்டத்துல கூப்பிட்டு என்ன ஆகப்போகுது? கையைத் தூக்குவேன். இடது கை. இப்ப தலைக்கு மேல வருது. பார்த்துக்கிட்டே நில்லுங்க.

ஆலிஸ்